பதினாறு அட்சரம், பதினான்கு அடி

அன்புள்ள கண்ணம்மா,

உன்னிடம் ஐஸ் டான்ஸ் கற்றுக்கொள்ளும் குழந்தையைப் பற்றி நேற்று ராத்திரி போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. ஒரு பக்கம் குக்கர் சத்தம், இன்னொரு பக்கம் அப்பாவின் டிவி. "கிலியன் டெஸ்ட்டுக்கு முன்னாடி என்ன சொல்லி எனக்குத் தைரியம் கொடுத்தேம்மா? அதையே இந்தக் குழந்தைக்கும் சொல்றேன்" என்றாய். வாய்க்கு வந்ததைச் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அப்புறம் படுத்தால் தூக்கம் வரவில்லை. நான் அப்போது சொன்ன வார்த்தை எதுவும் உனக்கு உதவவில்லை கண்ணம்மா. சிலது உன்னைக் காயப்படுத்தவும் செய்தது. உதவியது வேறு. அதை உட்கார்ந்து எழுதினால்தான் எனக்கே தெளியும் போலிருக்கிறது.

2014 ஜனவரியை நினைத்துக்கொள். உனக்குப் பதினான்கு வயது. ஐஸ் டான்ஸ் டெஸ்ட்டுகளில் சில்வர் நிலை நடனங்களை எல்லாம் முடித்துவிட்டாய். அடுத்தது ப்ரீ-கோல்டு நிலை, அதில் நான்கு நடனங்கள்: கிலியன், ப்ளூஸ், பாசோ டோப்ளே, ஸ்டார்லைட் வால்ட்ஸ். நான்கையும் ஒரே நாளில் கொடுக்க வேண்டியதில்லை, ஒவ்வொன்றாகக் கொடுக்கலாம் என்றதும், "கிலியன்தான் சின்னது, அதை முதல்ல முடிச்சிடலாம்" என்று சொன்னதே நான்தான். பதினான்கு காலடி, தாளக் கணக்கில் பதினாறு அட்சரம், ஒரு சுற்று எட்டு நொடி சொச்சம். கேட்பதற்குச் சின்னதாகத்தான் இருந்தது. நிமிஷத்துக்கு 116 அட்சர வேகத்தில், உன்னைவிட ஒரு முழம் உயரமான கோச்சோடு இடுப்பு ஒட்டினாற்போல் பக்கத்தில் நின்று, அவர் காலும் உன் காலும் ஒரே கோட்டில் போக வேண்டும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அந்த டெஸ்ட்டை நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன். முதல் சுற்று நன்றாகப் போனது. இரண்டாவது சுற்றில் சாக்டா என்ற அந்தத் திருப்பம் வரும் இடம், ஒன்பதாவது அடியிலிருந்து பத்தாவது அடிக்கு மாறும் இடம், அங்கே நீ பாட்டுக்கு முன்னால் ஓடினாய். ப்ளேடின் உள் எட்ஜில், அதாவது உள் விளிம்பில், முன்னோக்கிப் போய்க்கொண்டிருக்கும் கால், ஒரே அட்சரத்தில் அடுத்த காலுக்கு இடம் கொடுத்து, அது பின்னோக்கி வெளி எட்ஜில் இறங்க வேண்டும். உடம்பு திரும்ப வேண்டும், வளைவும் எதிர்ப்பக்கம் மாற வேண்டும். பயம் வந்தால் யாருக்குமே அந்த இடத்தைச் சீக்கிரம் தாண்டிவிட வேண்டும் போலத்தான் இருக்கும். நீயும் தாண்டினாய். அதன் பிறகு கடைசிவரை கோச்தான் உன்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

மூன்று ஜட்ஜுகளின் தாளிலும் 'ரீட்ரை', மறுபடி முயற்சி செய் என்று. ஃபெயில் என்று அவர்கள் எழுதுவதில்லை. அது நல்ல வழக்கம்.

திரும்பி வரும்போது ஐ-275 ஹைவேயில் ஒரே பனி. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அந்த ஒரு இடத்துலதானே கண்ணம்மா, மத்ததெல்லாம் நல்லாத்தானே இருந்தது" என்றேன். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பி, தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டாய். வீடு வரும்வரை திரும்பவே இல்லை. உனக்குத் தெரிந்த ஒரே விஷயம் அந்த ஒரு இடம். அதையே எடுத்து உன் மடியில் வைத்தேன். இன்றைக்கும் அந்த வழியாகப் போனால் எனக்கு அந்தத் தொப்பிதான் ஞாபகம் வருகிறது.

அந்தக் குழந்தையின் அம்மாவிடம் இதை மட்டும் நீ முதலிலேயே சொல்லிவிடு. டெஸ்ட் முடிந்து வெளியே வந்ததும் காலைப் பற்றிப் பேசக் கூடாது. பசிக்கிறதா, குளிருகிறதா, இதைத்தான் கேட்க வேண்டும். மற்றதை அவளாகச் சொல்லும்போது கேட்டால் போதும்.

அடுத்த மாதம் சோச்சி ஒலிம்பிக்ஸ். மெரில் டேவிஸும் சார்லி வைட்டும் தங்கம் வாங்கினார்கள். ஐஸ் டான்ஸில் அமெரிக்காவுக்கு அதுதான் முதல் தங்கம். வெள்ளி வாங்கிய கனடா ஜோடி டெஸ்ஸா வர்ச்சூவும் ஸ்காட் மோயரும் மிச்சிகனில் நம் கேன்டனில் அவர்களோடு அதே ஐஸ் ரிங்க்கில், அதே கோச்சிடம் பயிற்சி எடுத்தவர்கள். ஊரே அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. நீ டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய். "அவங்க 1997லேர்ந்து சேர்ந்து ஆடறாங்கம்மா. நான் கிலியன் கத்துக்க ஆரம்பிச்சு ஏழு மாசம்தான் ஆச்சு" என்றாய். டெஸ்ட்டுக்குப் பிறகு கிலியன் என்ற பெயரை நீ எடுத்தது அன்றைக்குத்தான். நான் பதில் பேசாமல் தோசையைத் திருப்பிப் போட்டேன். நல்லவேளை, அன்றைக்காவது எனக்குப் புத்தி இருந்தது.

மறுநாள் நீ ஸ்கூலுக்குப் போன பிறகு கிலியன் அடிகளை வரிசையாகப் போட்டு உன் கோச் கொடுத்திருந்த தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஸ்கேட்டிங் எனக்குத் தெரியாது. கடைசிவரை ஐஸில் கால் வைக்கவும் இல்லை. ஆனால் மாயவரத்தில் பாட்டு வாத்தியார் முன்னால் எட்டு வருஷம் தொடையில் தாளம் போட்டவள் நான். அந்தத் தாளில் மூன்றாவது, நான்காவது அடிகளுக்கு மட்டும் இரண்டிரண்டு அட்சரம், மற்ற எல்லாவற்றுக்கும் ஒவ்வொன்று என்று இருந்தது. கூட்டினால் பதினாறு. பதினாறு என்றால் எட்டு அட்சர ஆதி தாளம் இரண்டு ஆவர்த்தனம், இரண்டு சுற்று! கை தானாகத் தொடைக்குப் போய்விட்டது. தட்டு, முதல் அடி. சுண்டு விரல், இரண்டாவது அடி. மோதிர விரலும் நடு விரலும் சேர்ந்து மூன்றாவது அடி. அடுத்த தட்டும் வீச்சும் நான்காவது. கடைசித் தட்டில் ஐந்து, வீச்சில் ஆறு. அதோடு ஒரு ஆவர்த்தனம் முடிந்தது. அடுத்ததில் தட்டு ஏழு, சுண்டு விரல் எட்டு, மோதிர விரல் ஒன்பது, நடு விரல் பத்து. அந்த சாக்டா, மோதிர விரலுக்கும் நடு விரலுக்கும் நடுவில் இருந்தது!

அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். கராஜிலிருந்து காரை வெளியே எடுத்துவிட்டு, பச்சரிசி மாவைக் கரைத்து, கிருஷ்ண ஜெயந்திக்குப் போடுவது போலவே சிமென்ட் தரையில் பதினான்கு பாதம் போட்டேன். இடது கால் வலது கால் பார்த்து, வளைவு பார்த்துப் போட ரெண்டு மணி நேரம் ஆனது. பத்தாவது பாதம் திரும்பிப் பின்பக்கம் பார்த்தபடி இருக்க வேண்டும். அதை நான் மூன்று தடவை அழித்துப் போட்டேன். சாயந்திரம் நீ வந்து பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசவில்லை. பையை இறக்கி வைத்துவிட்டு, சாக்ஸோடு அந்தப் பாதங்கள் மேல் நடந்தாய். நான் ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்து தாளம் போட்டேன். முதலில் மெதுவாக, விளம்ப காலத்தில். அந்த மெதுவில்தான் உனக்கு ஒன்று பிடிபட்டது. "மோதிர விரல் முடியற வரைக்கும் அங்கேயே நிக்கலாம்மா, நான் நிக்கவே இல்ல" என்றாய். அதை நீயாகத்தான் கண்டுபிடித்தாய். அதையே நான் சொல்லியிருந்தால் உன் காதில் ஏறியிருக்காது.

உன் மெல்லிசுக் கையுறையில், வலது நடு விரலுக்கு உள்பக்கமாகச் சிவப்பு நூலால் ஒரு முடிச்சுப் போட்டுத் தைத்தேன். காரில் போகும்போது நீ கட்டைவிரலால் ஒவ்வொரு விரலாகத் தொட்டு எண்ணிக்கொண்டே வருவாய், முடிச்சு வந்தால் பத்து. ஐஸில் இறங்கினால் இரண்டு கையும் கோச்சிடம் போய்விடும், விரல் விட முடியாது. ஆனால் அதற்குள் தாளம் உடம்புக்குள் இறங்கியிருக்கும். இதை அந்தக் குழந்தையிடம் புரியும்படி சொல். கிலியனுக்கு ஒரே பாட்டு கிடையாது, டெஸ்ட்டில் எந்த மெட்டைப் போடுவார்கள் என்றும் தெரியாது. மெட்டை நம்பிப் பழகியவள் மெட்டு மாறினால் பயந்துவிடுவாள். எல்லா மெட்டுகளையும் போட்டுப் போட்டு அவளைத் தட்டச் சொல். மெட்டு மாறலாம், அந்தப் பதினாறு மாறாது.

இன்னும் சிலது, ஞாபகம் வருகிறபடி எழுதுகிறேன். டெஸ்ட்டுக்கு முந்தின நாள் ப்ளேடுக்குச் சாணை பிடிக்க விடாதே. ஒரு வாரம் முன்பே பிடித்துவிடு, புது எட்ஜ் காலுக்குப் பழக வேண்டும். புது டிரஸ்ஸும் வேண்டாம், ஒரு தடவையாவது போட்டு ஆடியதாக இருக்கட்டும். கடைசி மூன்று நாள் புதிதாக எதையும் திருத்தாதே. உனக்குக் கண்ணில் படும், கை துறுதுறுக்கும், ஆனாலும் விட்டுவிடு. ஏப்ரலில் நீ மறுபடி டெஸ்ட் கொடுத்தபோது உன் கோச் அப்படித்தான் விட்டார். அவரும் என்னைப் போலவே கஷ்டப்பட்டுத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தார் என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

அந்த அம்மா கண்ணாடியில் மூக்கை ஒட்ட வைத்துக்கொண்டு நிற்கிறார் என்று சலித்துக்கொண்டாய். அவரைத் தப்பாக நினைக்காதே. பெற்றவளுக்குக் கை சும்மா இருந்தால் மனசு தறிகெட்டு ஓடும். அவருக்கு ஒரு வேலை கொடு. தாளம் போடக் கற்றுக்கொடு, ஆதி தாளம் என்று சொல்ல வேண்டாம், எட்டு எட்டாக எண்ணினால் போதும். ராத்திரி சமையலறையில் அம்மாவும் பெண்ணும் சேர்ந்து எண்ணட்டும். ஏப்ரல் டெஸ்ட் அன்று நான் கண்ணாடிப் பக்கமே வரவில்லை, ஞாபகமிருக்கிறதா? காபி மெஷின் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தட்டிக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் பாட்டு கேட்டது. மோதிர விரலுக்கும் நடு விரலுக்கும் நடுவில் ஒவ்வொரு தடவையும் ப்ளேடின் அந்தச் சின்ன 'சர்க்' சத்தம் தாளத்தில் விழுந்தது. பாஸ் என்று நீ ஓடி வந்து சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரியும்.

இன்னொன்று. கிலியன் 1909இல் வியன்னாவில், எங்கல்மன் ரிங்க்கில் கார்ல் ஷ்ரைட்டர் என்பவர் அமைத்தது என்று அந்தத் தாளின் மேலே போட்டிருந்தது. அதை அந்தக் குழந்தைக்குக் காட்டு. நூறு வருஷத்துக்கு மேலாக எத்தனை பேர் அதே ஒன்பதாவது அடியில் தடுமாறியிருப்பார்கள்! அவளுக்கு மட்டும் வந்த குறை இல்லை என்று தெரிந்தால் கொஞ்சம் மூச்சு விடுவாள்.

அந்தக் கையுறை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இடது கையில் ஒரு ஓட்டை, வலது கையில் முடிச்சு அப்படியே இருக்கிறது. நாளைக்குப் பார்சலில் போடுகிறேன், மினியாபொலிஸுக்கு மூன்று நாளில் வந்துவிடும். அவள் கைக்குச் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். பச்சரிசி மாவு அங்கே இந்தியக் கடையில் கிடைக்கும், கெட்டியாகக் கரைத்துக்கொள். பத்தாவது பாதத்தை மறக்காமல் திருப்பிப் போடு.

அன்றைக்கு டெஸ்ட் முடிந்ததும் அந்தக் குழந்தை என்ன சாப்பிட்டாள் என்று எனக்குச் சொல். பாஸா இல்லையா என்பதை அப்புறம் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா