சரசுவுக்கு, கூகையைப் பற்றி

சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள சரசு,

கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கிள்ளானிலேயே வேலை அமைந்ததில் எனக்கும் நிம்மதி. இங்கே எல்லாரும் சுகம். வீட்டுக்காரருக்குத்தான் மழை வந்தால் முட்டிவலியும் வந்துவிடுகிறது.

காட்டு விலங்குகளைக் காப்பாற்ற நம்மைப் போன்ற ஆட்கள் பணம் அனுப்புவதைத் தவிர என்ன செய்ய முடியும் என்று கேட்டிருந்தாய். அனுப்பு, நல்லதுதான். ஆனால் என்னைக் கேட்டால், முதலில் எலி மருந்தைப் பார்த்து வாங்கு என்பேன்.

சிரிக்காதே. நாம் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்த இடமெல்லாம் இப்போது எண்ணெய்க்கு வளர்க்கிற செம்பனை. பழத்துக்கு எலி வரும், எலிக்குக் கூகை ஆந்தை வரும். கூகை தானாகக் கூடு கட்டாது, பொந்துதான் தேடும். செம்பனையில் பொந்துக்கு எங்கே போகும்? அதனால்தான் தோட்டங்களில் கம்பம் நட்டுப் பெட்டி வைக்கிறார்கள். ஒரு ஜோடியும் அதன் குஞ்சுகளுமாக வருஷத்துக்கு 1,000 எலிக்கு மேல் தின்றுவிடும். நாம் வேலை செய்த பழைய தோட்டப் பிரிவில் ஒரு பெட்டிக்குக் கீழே போய்ப் பார்த்தேன். கட்டைவிரல் பருமனில் கறுப்பு உருண்டைகள் கிடந்தன. குச்சியால் பிரித்தால் உள்ளே எலி மயிர், சின்ன மண்டை ஓடு, மஞ்சள் பல். செரிக்காததையெல்லாம் கக்கிவிடுகிறது.

நம் ஆட்களுக்கு இது சாவுக்குருவி. யாராவது படுக்கையில் இருக்கும்போது அலறினால் போதும், கல்லைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். வயசானவர்களிடம் என்ன பேசியும் எடுபடவில்லை. பிள்ளைகளிடம் அந்த உருண்டையைக் காட்டினேன், அவர்களுக்கு உடனே பிடித்துப்போனது.

கல்லைவிடப் பெரிய ஆபத்து மருந்துதான். புரோடிஃபாகம் மாதிரி மருந்தைத் தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் திரியும். கூகைக்கு அதைப் பிடிப்பது சுலபம், விஷமும் சேர்ந்தே வயிற்றுக்குள் போகும். அதனால் என் வீட்டில் பொறி மட்டும்தான். கோழித் தீவனத்தை மூடி வைத்தாலே எலித்தொல்லை பாதி குறையும்.

அப்புறம் பன்றிக்குக் கட்டுகிற சுருக்குக் கம்பி. காட்டோரத்தில் மரவள்ளியைக் காப்பாற்ற என்று வைக்கிறார்கள், அதில் புலியும் மாட்டும், கரடியும் மாட்டும். நாட்டில் காட்டுப்புலி 150கூட இல்லை. 2010 வனவிலங்குச் சட்டப்படி சுருக்கு வைப்பதே குற்றம். வைக்கிறவன் நமக்குத் தெரிந்த பையனாகத்தான் இருப்பான், அதனால் வாயை மூடிக்கொள்கிறோம். நான் முதலில் அவன் அம்மாவிடம் சொல்வேன். கேட்கவில்லை என்றால் வனவிலங்கு இலாகாவான பெர்ஹிலித்தானுக்குப் போன் போடுவேன். ஊரில் என் பேர் கெட்டால் கெடட்டும்.

தீபாவளிக்கு வருகிறாய்தானே? அங்கே நல்ல கம்பி எலிப்பொறி கிடைத்தால் இரண்டு வாங்கி வா. இங்கே விற்பது ஒரு மழைக்கே துருப்பிடித்துவிடுகிறது. காசு வந்ததும் தருகிறேன்.

அன்புடன்,
மீனாட்சி