நூலகர்கள் கூடிப் பேச ஒரு நாள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஊர்ப்புற நூலகங்களில் பெரும்பாலும் ஒருவரே பணியில் இருக்கிறோம். கதவைத் திறப்பது முதல் பதிவேட்டை முடித்துப் பூட்டுவது வரை தனியாகவே பார்ப்பதால், தொழில் சார்ந்த ஐயம் எழுந்தால் கேட்கப் பக்கத்தில் ஆள் இல்லை. இதற்காகவே சென்ற மாசியில், வார விடுமுறையான வெள்ளிக்கிழமையன்று, டெல்டா நூலகர்கள் 12 பேர் ஆளுக்கு 300 ரூபாய் போட்டு, மன்னார்குடி அருகே நண்பர் ஒருவரின் தோப்பு வீட்டில் கூடினோம்.

மேடையும் பொன்னாடையும் இல்லை. தீராத சிக்கல் ஒன்றோடு வர வேண்டும் என்பது மட்டுமே விதி. திருத்துறைப்பூண்டிப் பக்கத்து நூலகர், கார்த்திகை மழையில் நனைந்த நூலை வெயிலில் காயவைத்ததில் தாள்கள் சுருண்டு அட்டை விலகியதைக் காட்டினார். தாள்களுக்கிடையே வெற்றுத்தாள் செருகி, நிழலில் மின்விசிறிக் காற்றில் உலர்த்தி, பிறகு பாரம் வைக்க வேண்டுமென மூத்தவர் ஒருவர் செய்தே காட்டினார். எந்தப் பயிற்சி வகுப்பிலும் நான் இதைக் கற்றதில்லை. (மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய அமர்வு தூக்கத்தில் போனதையும் ஒப்புக்கொள்கிறேன்.)

இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன் 1892இல் பிறந்த சீர்காழியும், 1931இல் மாட்டுவண்டியில் நடமாடும் நூலகம் புறப்பட்ட மன்னார்குடியும் உள்ள இம்மண்ணில், நூலகர்கள் கூடுவதற்குச் சொந்தக் காசும் விடுமுறையும் தேவைப்படுவது வருத்தமளிக்கிறது. ஆண்டுக்கொரு முறை இத்தகைய கூடலைப் பணிநாளாகக் கருதிப் பயணப்படியும் வழங்கத் துறை முன்வர வேண்டும். 15 பேருக்கு மேல் மட்டும் வேண்டாம், அது மாநாடாகிவிடும்.

இப்படிக்கு,
ஊர்ப்புற நூலகர் ஒருவர்,
திருவாரூர் மாவட்டம்.