மான்குட்டியைத் தூக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிரெட்ரிக் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும் பாதையோரம், சென்ற கிழமை ஒரு புள்ளிமான் குட்டி பற்றைக்குள் சுருண்டு கிடந்தது. "தாய் விட்டிட்டுப் போயிட்டுது" என்று ஒரு தம்பி அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். இன்னொருவர் போத்தலில் பசுப்பாலோடு வந்தார். நல்ல மனம் உள்ள பிள்ளைகள். பல வருடங்களுக்கு முன் எங்கள் ஒழுங்கையிலும் இப்படி ஒரு குட்டியைக் கொண்டுவந்து பால் பருக்கினோம். வயிற்றோட்டம் கண்டு மூன்றாம் நாள் செத்தது. அதன் கண்களை நான் இன்னும் மறக்கவில்லை.

புள்ளிமான் தாய், பிறந்த குட்டியை முதல் நாட்களில் மறைவில் படுக்கவிட்டுத்தான் மேயப் போகும். பால் கொடுக்கத் திரும்பி வரும். அசையாமல் கிடப்பதுதான் குட்டிக்குக் காவல். நாம் சுற்றி நின்றால் தாய் கிட்ட வராது.

சும்மா நிற்பது மனிதருக்குக் கஷ்டம்தான். 2007 இல் வெளியான ஆய்வொன்று உதைபந்தாட்டத்தில் 286 பெனால்டி உதைகளைப் பார்த்தது. பக்கம் பாயாமல் நடுவில் நிற்பதே கோல்காப்பாளருக்கு அதிகம் பலன்; ஆனால் அவர்கள் அப்படி நின்றதோ 6.3 வீதமான உதைகளுக்கு மட்டுமே. பாய்ந்து கோல் வாங்குவதைவிட, பாயாமல் நின்று வாங்கினால் மனம் அதிகம் சுடுமாம்.

அன்று தம்பியிடம் சொல்லி, குட்டியை அதே இடத்தில் விட்டு, தூரப் போய் நின்றோம். பொழுது சாயத் தாய் வந்தது.

காயம் இருந்தால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். மற்றும்படி, தயவுசெய்து தள்ளிப் போய்விடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
திருகோணமலை