எங்களையும் இந்த உணவையும்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதமும் மிளகாய்த்தூள் பார்சலும் கிடைத்து மூன்று கிழமையாகிறது. பிந்தி எழுதுகிறேன், குறை நினைக்க வேண்டாம். வேலை கொஞ்சம் அப்படி இப்படி. தூளோடு நீங்கள் முடிந்து வைத்த மடு மாதா கோயில் மண் தலையணைக்குக் கீழே இருக்கிறது.

நோர்வேயின் வடகோடியில் இந்த ஹம்மர்ஃபெஸ்டில் கார்த்திகை 20 அளவில் மறைந்த சூரியன் இனித் தை 20 கழிந்துதான் முகம் காட்டும். இந்த ஊரும் இடம்பெயர்ந்த ஊர்தான். 1944-45 குளிர்காலத்தில் பின்வாங்கிய ஜெர்மன் படை ஊரையே எரித்தது. சவக்காலைச் சிற்றாலயம் மட்டும் தப்பியது. அதைக் கடக்கும்போதெல்லாம் 2008இல் சண்டைக்குள் மடு மாதா சொரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனது நினைவில் வரும். நீங்கள் அழுதழுது செபமாலை சொன்னீர்கள். நான் வாய் திறக்கவில்லை. எனக்கென்று ஒரு செபம் இருந்ததேயில்லை, அம்மா. உங்கள் செபத்தின் நிழலில் ஒதுங்கியே வளர்ந்தேன்.

மேல்வீட்டுக் கிழவரைப் பற்றி முன்பு எழுதினேனே, அவர் இன்னும் பேசுவதில்லை. விடியமுன் என் வாசல் பனியையும் வழித்துவிட்டுப் போய்விடுவார். போன வெள்ளி ஒரு கொட் மீனைக் கொண்டுவந்து கையில் தந்தார். உங்கள் தூளைப் போட்டுக் குழம்பு வைத்தேன். புளி கொஞ்சம் கூடிவிட்டது. சிலுவை போட்டு, "ஆண்டவரே, எங்களையும் இந்த உணவையும் ஆசீர்வதியும்" என்றேன். மேசையில் ஒரு கோப்பைதான். 'எங்களையும்' என்று ஏன் சொன்னேன்? அப்படியே இருந்துவிட்டேன். அப்பா இருந்த காலத்தில், அவர் திண்ணையில் இருக்கிறார் என்று எட்டிப் பார்க்காமலே நமக்குத் தெரியுமே, அப்படி ஆண்டவர் பக்கத்தில் இருக்கிறார் என்று தெரிந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு என்னைத் தெரியும், என்மேல் பிரியம் என்பது மட்டும் நெஞ்சில் நிறைந்தது. சோறு ஆறும்வரை அழுதேன். 34ஆம் சங்கீதம் ஆண்டவரை ருசித்துப் பார்க்கச் சொல்கிறதே, உங்கள் நாக்கால் நான் எப்படி ருசிப்பது? இப்போது என் வாய்க்கே அந்த ருசி தெரியும், அம்மா. ஞாயிறு புனித மிக்கேல் கோயிலில் நற்கருணை நன்மை வாங்கும்போதும் அதே நினைவுதான்.

குளம் வான் பாய்கிறதா? அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஒரு இரவு நித்திரை கொள்ள வேண்டும்போல இருக்கிறது.

சரி, சின்னக்கா மகளின் முதல் நன்மைக்கு வெள்ளைச் சட்டைக் காசு அனுப்புவேன். கொஞ்சம் பிந்தினாலும் யாரிடமும் கடன் வாங்காதீர்கள். கீழ்வயலைக் குத்தகைக்குக் கொடுக்கும் முன் அண்ணாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், அவர் மனம் நோகக் கூடாது. அப்பாவின் ஆண்டுப் பூசைக்கு இப்போதே சுவாமியிடம் பெயர் கொடுங்கள். அப்புறம், உங்கள் முழங்காலுக்கு எண்ணெய் பூசுங்கள். இனி முழந்தாளிட வேண்டாம், கதிரையில் இருந்து சொன்னாலும் அவருக்குக் கேட்கும்.

உங்கள் மகன்