திருவாரூரில் எங்களுக்குக் கிடைத்த மண்டபம்

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் இசை ஆசிரியர் சங்கத்தின் ஆண்டு மாநாடு இந்த ஆடியில் திருவாரூரில் இரண்டு நாள் நல்லபடியாக நடந்து முடிந்தது. ஊருக்குக் கிளம்பும்போது பலரும் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "இந்த வருஷம் எல்லாம் காதில் விழுந்தது." அந்த ஒரு வார்த்தைக்காக நான்கு மாதம் அலைந்தோம். இடத் தேர்வுக் குழு என்று பெயருக்கு நாங்கள் மூன்று பேர். கூட நடந்தவர்கள் அதைவிட அதிகம். அவர்களுக்குத்தான் இந்த மடல்.

போன வருஷம் வேறோர் ஊரில் பெரிய கல்யாண மண்டபம் பிடித்திருந்தோம். பளிங்குத் தரை, சுற்றிலும் கண்ணாடி, பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் ஒரு மூத்த ஆசிரியர் தோடி ராகத்தில் ஒரு பிடியைப் பாடிக் காட்டினால், முதல் ஸ்வரம் சுவரில் மோதித் திரும்புவதற்குள் மூன்றாவது ஸ்வரம் வந்து அதன்மேல் விழுந்தது. ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. அவர் பாதியில் நிறுத்தி, "எழுதித் தருகிறேன், படித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி இறங்கினார். வாத்தியார் பாடிக் காட்ட முடியாத இடத்தில் எங்களுக்கு என்ன மாநாடு? அது என் மனதை அறுத்துக்கொண்டே இருந்தது.

அதனால் இந்த முறை வாடகை, கார் நிறுத்துமிடம் எல்லாம் அப்புறம், முதலில் காது என்று முடிவு செய்தோம்.

திருவாரூர் என்றதும், சங்கீத மும்மூர்த்திகள் பிறந்த ஊராயிற்றே, அதற்காகத்தான் என்று பலர் நினைத்தார்கள். சியாமா சாஸ்திரி 1762, தியாகராஜர் 1767, முத்துசுவாமி தீட்சிதர் 1775 என்று மூவரும் பிறந்த மண்ணில் கூடுவது எங்களுக்குப் பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் பெருமைக்காக மட்டும் முந்நூறு பேரை வரவழைக்க முடியாது. தஞ்சாவூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, காரைக்குடி என்று நாலு பக்கமும் ரயில் பாதை உள்ள ஜங்ஷன் இது. வீணையைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று பஸ் மாறி வரச் சொல்வது நியாயமா?

தேதி விஷயத்தில் வழி காட்டியவர்கள் எங்கள் நாதஸ்வர, தவில் ஆசிரியர்கள். முகூர்த்த நாளில் மாநாடு வைத்தால் அவர்கள் பிழைப்பை விட்டுத்தான் வரவேண்டும். ஆடியில் கல்யாணம் கிடையாது, மண்டபமும் காலி, வாடகையும் குறைவு. ஆனால் ஆடி வெள்ளிக்கும் ஆடிப்பூரத்துக்கும் அம்மன் கோயில்களில் அவர்களுக்கு வாசிப்பு இருக்கும். அதையெல்லாம் பஞ்சாங்கத்தில் குறித்து, பூரம் கழிந்து வரும் சனி, ஞாயிறைக் கண்டுபிடித்துத் தந்த அந்தத் தவில் ஆசிரியருக்கு முதல் நன்றி.

மொத்தம் ஏழு மண்டபம் பார்த்தோம். ஒவ்வொன்றிலும் ஒருவர் மேடையில் தம்புராவை மீட்டிக்கொண்டு மெதுவாக ஸட்ஜம், அதாவது 'ஸ', பிடிப்பார். இன்னொருவர் கடைசி வரிசையில் நின்று, கேட்டால் கையைத் தூக்குவார். நாலாவது மண்டபத்தில் என் கை மேலே போகவில்லை. தலைக்கு மேல் மின்விசிறிகள் தம்புராவை விழுங்கிக்கொண்டிருந்தன. அங்கே இருந்த காவலாளி, யாரும் கேட்காமலே சுவிட்சுப் பலகைக்குப் போய் ஒவ்வொன்றாக அணைத்தார். கடைசி விசிறி சுற்றி ஓய்ந்ததும் தம்புராவின் பஞ்சமம், அந்தப் 'ப', தெளிவாக வந்தது. அவர் என்னைப் பார்த்து, "இப்போ வருதாம்மா?" என்றார். அந்த மண்டபத்தைத்தான் எடுத்தோம். சத்தம் குறைந்த விசிறிகளை எந்த வரிசையில் போட வேண்டும், ஜெனரேட்டரை எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்று இரண்டு நாளும் பார்த்துக்கொண்டவர் அவரேதான். ஐயா, உங்களுக்கு எங்கள் கைகூப்பு.

கொஞ்சம் எதிரொலி அங்கேயும் இருந்தது. அதைத் தீர்த்தவர் உள்ளூர்ப் பந்தல்காரர். பக்கச் சுவர் இரண்டிலும் மடிப்பு மடிப்பாகப் பந்தல் துணியைத் தொங்கவிட்டு, தரை முழுக்க ஜமுக்காளம் விரித்தார். அதற்குப் பிறகு கைதட்டிப் பார்த்தோம். சத்தம் தட்டிய இடத்திலேயே நின்றது. ஜமுக்காளத்துக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

பக்கத்துப் பள்ளியின் தலைமையாசிரியருக்குச் சொல்லும் நன்றி தனி. தவிலும் வீணையும் ஒரே கூரையின் கீழ் இருக்க முடியாது. நாதஸ்வர அமர்வை மண்டபத்தின் பின்னால் மாமரத்தடியில் வைத்துக்கொண்டோம், திறந்த வெளிதான் அதற்கு அழகு. வீணைக்கு அவர் தமது பழைய ஓட்டுக் கட்டட வகுப்பறையைத் திறந்துவிட்டார். நாற்பது பேர் பெஞ்சில் நெருங்கி உட்கார்ந்திருந்தோம். மைக் கிடையாது. சஹானா ராகத்தின் காந்தார ஸ்வரத்தை இழுத்துவிட்டு, வீணை வாசித்த அம்மா விரலை எடுத்த பிறகும் தந்தியில் மிச்சமிருந்த நாதம் அடங்கும்வரை யாரும் அசையவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீணையில் தந்திக்கு அடியில் இருக்கும் மெட்டுகள் மெழுகில் நிற்பவை, வெயில் ஆகாது என்று நாங்கள் சொன்னதும், வீணைகளை வைக்கத் தலைமையாசிரியர் தமது அறையையே ஒழித்துக் கொடுத்தார்.

நரசிங்கம்பேட்டையிலிருந்து நாதஸ்வரம் செய்பவர்கள் வந்து கடை போட்டது எங்களுக்குப் பெரிய கௌரவம். 2022இல் புவிசார் குறியீடு பெற்ற வாத்தியம் அது. ஆச்சா மரத்தைக் கடைவதைப் பற்றி மாணவர்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். ஞாயிறு மாலை இவ்வூர்ச் சிவன் கோயிலான தியாகராஜர் கோயிலுக்கு எங்களை அழைத்துப் போய், நாதஸ்வர வகையான பாரி நாயனத்தையும் ஐந்து முகம் கொண்ட தோல் வாத்தியமான பஞ்சமுக வாத்தியத்தையும் பற்றி எடுத்துச் சொன்ன பெரியவருக்கும் நன்றி. புத்தகத்தில் படித்துப் பாடம் நடத்திய எங்களில் பலர் அன்றுதான் அதை நேரில் பார்த்தோம்.

சமையலறையில் விடிகாலை நாலரைக்கே சீரக வெந்நீர் போட்டு வைத்த பெண்களுக்கு, எல்லாப் பாட்டு ஆசிரியர்களின் தொண்டையும் நன்றி சொல்லும். ரயிலடிக்கும் மண்டபத்துக்கும் ஆட்டோ ஓட்டியவர்கள் மிருதங்கத்தைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லி மெதுவாக ஓட்டினார்கள்.

ஊதா உறை போட்ட சுருதிப்பெட்டி ஒன்றும், நாதஸ்வரத்தில் ஊதும் சீவாளி வைக்கும் டப்பா ஒன்றும் மண்டபத்தில் கிடைத்தன. காவலாளி ஐயா பத்திரமாக வைத்திருக்கிறார். உரியவர்கள் சங்கத்துக்குத் தகவல் சொன்னால் அனுப்பிவைக்கிறோம்.

அன்புடன்,
இடத் தேர்வுக் குழுவின் சார்பில்,
ஒரு வாய்ப்பாட்டு ஆசிரியை