ஸ்பீக்கர் ஒயரும் ஜம்பரும்: நண்பனுக்கு ஒரு பதில்

அன்புள்ள கணேசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டின் பூச்சு வேலை அடுத்த வாரம் தொடங்குகிறது என்பதில் மிக்க மகிழ்ச்சி. இங்கு அனைவரும் நலம்.

சுவருக்குள் பைப்பில் இழுக்கும் ஸ்பீக்கர் ஒயருக்கு 16 கேஜ் போதும் என்று கடைக்காரரும், இரண்டரை ஸ்கொயர் இழுத்துவிடலாம் என்று உன் எலக்ட்ரீஷியனும் சொல்வதாக எழுதியிருந்தாய். இரண்டும் ஒயரின் பருமனைச் சொல்பவை; கேஜ் வெறும் வரிசை எண், ஸ்கொயர் என்பது செம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு, சதுர மில்லிமீட்டரில். நான் எலக்ட்ரீஷியன் பக்கம். ஆம்ப்ளிஃபயரிலிருந்து தொலைவில் உள்ள ஸ்பீக்கர் வரை 9 மீட்டர் என்றால், மின்னோட்டம் போய்த் திரும்புவதற்குள் 18 மீட்டர் செம்பைக் கடந்தாக வேண்டும். 16 கேஜுக்கு ஏறக்குறைய இணையான ஒன்றரை ஸ்கொயர் ஒயரில் மீட்டருக்குச் சுமார் 13 மில்லி ஓம் வீதம் அது ஏறக்குறைய 0.24 ஓம் ஆகிறது. ஒயரின் தடை, ஸ்பீக்கரின் தடையில் நூற்றுக்கு ஐந்தைத் தாண்டக் கூடாது என்பது பலரும் கைக்கொள்ளும் அளவு. உன்னுடையது 8 ஓம் ஸ்பீக்கராக இருந்தால் 0.4 ஓம் வரை இடமுண்டு. 4 ஓம் என்பதால் 0.2தான் எல்லை. இரண்டரை ஸ்கொயரில் 0.14 ஓம்தான் வரும். எல்லையைத் தாண்டினால் ஒலி அரை டெசிபல் குறையும் என்பது பெரிய விஷயமில்லை. ஆனால் ஸ்பீக்கரின் தடை ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் ஏறி இறங்குவதால், அந்த இழப்பு எல்லாச் சுருதிகளிலும் ஒரே அளவாக இராது. நான்கு ஸ்கொயர் இன்னும் நல்லதுதான். பைப் வளைவுகளில் அதை இழுப்பது பெரும்பாடு.

கேஜ் எண்ணை நம்பி வாங்காதே. அமெரிக்கக் கணக்கில் 16 கேஜ் என்பது 1.3 சதுர மில்லிமீட்டர். மோட்டார் காயில் கட்டுபவர்கள் இன்றும் பயன்படுத்தும் பிரிட்டிஷ் கணக்கில் அதே 16 என்பது 2 சதுர மில்லிமீட்டருக்குச் சற்று மேல். எனவே ஸ்கொயர் கணக்கிலேயே கேள். கூடவே ஒரு இழையைப் பிளேடால் சுரண்டிப் பார்; உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். அதன் தடை செம்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்பதால், இரண்டரை ஸ்கொயர் வாங்கியதன் பலன் முழுவதும் போய்விடும். கரண்ட் ஒயர் போகும் பைப்பிலேயே இதையும் நுழைக்க எலக்ட்ரீஷியனை அனுமதிக்காதே. தனிப் பைப் போடச் சொல்.

இனி ஜம்பர். உன் ஸ்பீக்கரின் பின்புறம் மேலும் கீழுமாக உள்ள இரண்டு ஜோடி டெர்மினல்களை இணைக்கும் பித்தளைத் தகடுகளைக் கழற்றிவிட்டு, விலை உயர்ந்த கேபிள் ஜம்பர் போடலாமா என்று கேட்டிருந்தாய். பித்தளையின் தடை செம்பைவிட நான்கு மடங்கு அளவுக்கு அதிகம்தான். ஆனால் ஐந்து சென்டிமீட்டர் நீளமும் பத்து சதுர மில்லிமீட்டர் பருமனும் உள்ள தகட்டின் தடை ஒரு மில்லி ஓமைக்கூட எட்டாது; அதற்காகக் காசைக் கொட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தகட்டில் நேரும் கோளாறு பெரும்பாலும் தளர்ந்த திருகும் அதன் அடியில் படிந்த கறுப்பும்தான். கழற்றித் துடைத்து, கையால் நன்றாக இறுக்கினால் போதும். மனம் கேட்காவிட்டால், சுவருக்கு வாங்கும் ஒயரிலேயே ஒரு துண்டை வெட்டி, இரு முனைகளையும் உரித்து முறுக்கிப் போட்டுக்கொள்.

ஒரே ஜோடி ஒயர் மட்டும் இழுத்துவிட்டுத் தகட்டை எடுத்துவிட்டால், கனத்த ஒலி தரும் ஊஃபரோ கீச்சொலி தரும் ட்வீட்டரோ ஊமையாகிவிடும். பின்னாளில் மேல் ஜோடிக்கும் கீழ் ஜோடிக்கும் தனித்தனி ஆம்ப்ளிஃபயர் வைக்க நினைத்தாயானால், அவற்றை இணைப்பதற்கு முன்பே தகடுகளைக் கழற்றியாக வேண்டும். இல்லையேல் இரண்டின் வெளியீடுகளும் ஒன்றோடொன்று மோதி ஆம்ப்ளிஃபயர் எரிந்துபோகக்கூடும்.

பூச்சுக்கு முன் ஒவ்வொரு ஒயரின் இரு முனைகளிலும் இடது, வலது, பிளஸ், மைனஸ் என்று டேப் ஒட்டி எழுதிவைக்கச் சொல். 9 மீட்டர் என்பது என் ஊகம்தான். பைப் போகும் வழியாகவே டேப் பிடித்து அளந்து எழுது, 12 மீட்டரைத் தாண்டினால் நான்கு ஸ்கொயருக்கே போய்விடலாம்.

அன்புடன்,
சுந்தரம்