பன்னிரண்டு வோல்ட்டும் எரிக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினிப் பெட்டிக்குள் ஓடுவது வெறும் 12 வோல்ட், அது ஒன்றும் செய்யாது என்ற பேச்சை மதுரையில் பழுது பார்க்கும் கடைகளில் அடிக்கடி கேட்கிறேன். கையில் ஷாக் அடிக்காது என்பது வரை சரி.

சென்ற மாதம் என் பேரனுடைய கணினியில் கருகல் வாடை வந்ததால் பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். பழைய கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கிப் பொருத்தியபோது, கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸில் அதற்குரிய 6 முள் ஒயர் இல்லாததால், ஹார்டு டிஸ்க்குக்கான சாட்டா பிளக்கிலிருந்து ஒரு மாற்று ஒயரைக் கடைக்காரர் இழுத்திருந்தார். அந்தக் கறுப்பு பிளக் நெளிந்து உப்பியிருந்தது. 12 வோல்ட் வரும் மஞ்சள் ஒயரின் உறை இளகி, மின்சாரம் திரும்பும் பக்கத்துக் கறுப்பு ஒயரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் இளகியிருந்தால் இரண்டு செம்புக் கம்பிகளும் தொட்டு ஷார்ட் ஆகியிருக்கும்.

கணக்கு எளிது. 6 முள் வழியாக அந்தக் கார்டு 75 வாட் வரை இழுக்கலாம். 12 வோல்ட்டில் அது 6 ஆம்பியருக்கும் மேல். சாட்டா பிளக்கிலோ 12 வோல்ட்டுக்கான முள்கள் மூன்றும் சேர்ந்தே 4.5 ஆம்பியர்தான் தாங்கும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும், முள் தளர்ந்திருந்தால் இன்னும் மோசம். எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்புச் சுற்று ஏன் அணைக்கவில்லை என்று பேரன் கேட்டான். 12 வோல்ட்டில் 30 ஆம்பியர் கொடுக்கக்கூடிய எஸ்எம்பிஎஸ்ஸுக்கு 6 ஆம்பியர் சாதாரணச் சுமை. பிளக் வேகிறதா என்று அது அறியாது. பைக் பேட்டரியின் இரு முனைகளிலும் ஸ்பேனர் பட்டுப் பொறி பறந்ததைப் பார்த்தவர்களுக்கு, 12 வோல்ட் என்ன செய்யும் என்று சொல்லவேண்டியதில்லை. சித்திரை வெயிலில் 40 டிகிரியைத் தொடும் நம் ஊரில், மூடிய மேசைக்கு அடியில் வைத்த பெட்டிக்குள் காற்றே சூடாகத்தான் இருக்கும்.

எனவே 6 முள் ஒயர் இல்லாத எஸ்எம்பிஎஸ்ஸில் இத்தகைய கார்டைப் பொருத்த மறுப்பதும், மாற்று ஒயர் எதையாவது போட்டால் அதை ரசீதில் எழுதித் தருவதும் கடைக்காரர்களின் வழக்கமாக வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுத் தகட்டைக் கழற்றி, பிளக்குகளில் நிறம் மாறியிருக்கிறதா என்று பார்க்கலாம். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்க வேண்டாம், சுவர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஐடிஐ பயிற்றுநர்,
திருநகர், மதுரை-6.